இரண்டு விரல் போதும்: மலைப் பாதையில் கைகளும் கிளச்சும்



அனுமதிப்பத்திரம் எடுப்பது பற்றியும் தலைக்கவசம் வாங்குவது பற்றியும் முன்னைய மாதங்களில் இந்தப் பக்கத்தில் பேசியிருக்கிறோம். இம்முறை கைகளைப் பற்றிப் பேசுவோம். மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது கால் எட்டுமா என்றுதான். கண்டியைச் சுற்றியுள்ள மலைப் பாதைகளில் ஒருவரை விழுத்துவதும் விழாமல் காப்பதும் பெரும்பாலும் கைகள்தான்.

எங்கள் வாசகிகளில் பலர் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ சமதரையில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்கள். 1977இலும் 1983இலும் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள், 2009 மே மாதத்துக்குப் பிறகு உறவினரைத் தேடி மீண்டும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைப்பது ஸ்கூட்டர் அல்ல. அண்ணனோ கணவரோ விட்டுப்போன பழைய கியர் வண்டி, அல்லது குறைந்த விலைக்கு வாங்கிய இரண்டாம் கை வண்டி. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, ரங்கலை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் உடுப்பு விற்கவும், பாலர் பாடசாலைக்குப் போகவும், தையல் வேலையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அந்த வண்டிதான் துணை. முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் அன்றைய உழைப்பில் பாதி அதற்கே போய்விடும்.

பிரதான வீதி தாருடன் முடிந்துவிடும். அதற்கப்பால் கிறவல், உருண்டைக் கல், உடைந்த கொங்கிரீட், மழை பெய்தால் செம்மண் சேறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரத் தோட்டம் தெல்தோட்டைக்குக் கிட்டத்தான் இருக்கிறது. இலங்கைத் தேயிலை உலகமெல்லாம் போய்விட்டது. ஆனால் பல லயங்களுக்குப் போகும் பாதை இன்னும் கல்லும் சேறுமாகத்தான் கிடக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ உட்பாதைகளை அறுத்துவிட்டன. இந்தப் பாதைகளில் வண்டி ஓட்டுவது வேறு ஒரு வித்தை. வெளிநாடுகளில் இதை விளையாட்டாகப் பழகுகிறார்கள். நாங்கள் சீவியத்துக்காகப் பழகவேண்டியிருக்கிறது.

ஒரே இடம், வேறு வேலை

முதலில் மிக முக்கியமான ஒன்று. ஸ்கூட்டரில் இடது கையில் இருக்கும் லீவர் பின்சில்லுப் பிறேக். கியர் மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளச்.

ஸ்கூட்டரில் பழகிய கை, பயம் வந்தவுடன் இடது லீவரை இழுக்கும். யோசித்து இழுப்பதில்லை, கை தானாக இழுக்கும். சமதரையில் இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் கியர் வண்டியில் இறக்கத்தில் போகும்போது இழுத்தால் என்ன நடக்கும்? எஞ்சினுக்கும் பின்சில்லுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். அதுவரை எஞ்சின் பிடித்து வைத்திருந்த வண்டி அவிழ்த்துவிட்ட மாடு போல ஓடத் தொடங்கும். நிற்பாட்ட இழுத்தவளுக்கு வேகம் கூடும். வேகம் கூடக்கூட இன்னும் இறுக்கி இழுப்பாள்.

ஆகவே ஸ்கூட்டரிலிருந்து கியர் வண்டிக்கு மாறும் சகோதரிகள் மலைப் பாதைக்குப் போகுமுன் ஒரு பயிற்சியைச் செய்யவேண்டும். விளையாட்டு மைதானம் போன்ற ஒரு சமதரையில் முதலாம் கியரில் மெதுவாக ஓட்டுங்கள். ஒருவர் திடீரென்று “நில்!” என்று கத்தட்டும். முதலில் வலது கை விரல்களும் வலது காலும் பிறேக்கைப் பிடிக்கவேண்டும். வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில்தான் இடது கை கிளச்சை இழுக்கவேண்டும். இதை ஒரு நாளைக்கு இருபது தடவை செய்யுங்கள். கை மறந்து செய்வதை நினைத்துச் செய்யும்வரை, பிறகு நினைத்துச் செய்வதை மறந்து செய்யும்வரை செய்யுங்கள்.

கிளச் என்ன செய்கிறது?

கிளச்சுக்குள் வட்டத் தட்டுகள் அடுக்காக இருக்கின்றன. ஒன்று எஞ்சினோடு சுற்றும், அடுத்தது கியரோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் அவற்றை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கும். லீவரை இழுத்தால் அழுத்தம் விலகும், எஞ்சின் தன்பாட்டில் சுற்றும். லீவரை விட்டால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், சில்லு சுற்றும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் உண்டு. தட்டுகள் பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் இருக்கும் இடம். நாங்கள் அதைப் “பிடிக்கும் இடம்” என்று சொல்லிக்கொள்வோம். எஞ்சினின் சத்தம் சற்றே கனத்து, வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் பதியும். மலைப் பாதையில் ஓட்டுபவர் எந்நேரமும் அந்த இடத்தைத் தன் விரலுக்குள் வைத்திருக்கவேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி? சமதரையில் வண்டியை இயக்கி, முதலாம் கியரில் போடுங்கள். அக்சிலேற்றரைத் தொடவேண்டாம். கிளச்சை நூல் நூலாக விடுங்கள். வண்டி அசையத் தொடங்கியதும் மீண்டும் இழுங்கள். ஒரு சாண் முன்னே, நிறுத்து. ஒரு சாண் முன்னே, நிறுத்து. எஞ்சின் நின்றுபோனால் வெட்கப்பட வேண்டாம், மீண்டும் இயக்குங்கள். இரண்டு மூன்று நாட்களில் கண்ணை மூடிக்கொண்டும் அந்த இடத்தைச் சொல்ல முடியும்.

விரல்கள் எங்கே இருக்கவேண்டும்?

நான்கு விரலாலும் லீவரைப் பிடிப்பது நகர வீதியில் பரவாயில்லை. கல்லுப் பாதையில் கூடாது. முன்சில்லு ஒரு கல்லில் முட்டினால் ஹான்டில் ஒரு பக்கம் வெட்டும். நான்கு விரலும் லீவரில் இருந்தால் ஹான்டிலைப் பிடித்திருக்க ஒன்றும் மிஞ்சாது.

சுட்டுவிரலும் நடுவிரலும் லீவரில். மோதிர விரலும் சின்ன விரலும் ஹான்டில் பிடியில். பெருவிரல் பிடியின் அடியால் சுற்றி இருக்கவேண்டும். மேலே தூக்கி வைக்கக்கூடாது. கிளச், பிறேக் இரண்டுக்கும் இதே முறைதான். கிளச் இலகுவான வண்டியென்றால் ஒரு விரலே போதும்.

“என்ரை விரல் எட்டுதில்லை அக்கா” என்று சின்னக் கையுள்ள பிள்ளைகள் சொல்வார்கள். கையைக் குறை சொல்லவேண்டாம், வண்டியைச் சரிசெய்யலாம். லீவரின் நுனிப் பக்கத்தில் பிடித்தால் இழுப்பது இலகு, எஞ்சின் பக்கமாக உள்ளே பிடித்தால் கடினம். கிணற்றுத் துலா மாதிரித்தான். லீவரைப் பிடித்திருக்கும் ஆணியைத் தளர்த்தி, அதை ஹான்டிலின் நடுப்பக்கமாகச் சற்று நகர்த்தினால் உங்கள் இரண்டு விரலும் லீவரின் நுனியில் விழும். கூடவே லீவரைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே நேர்கோடாக இருக்கவேண்டும், மணிக்கட்டு மடியக்கூடாது. ஆணியை மீண்டும் இறுக்கும்போது உயிர்போக இறுக்கவேண்டாம். கையால் பலமாகத் தட்டினால் மட்டும் திரும்பும் அளவுக்கு இருந்தால், வண்டி விழுந்தாலும் லீவர் முறியாமல் திரும்பிக் கொடுக்கும்.

இரண்டு விரலால் இழுக்கும்போது லீவர் மற்ற இரண்டு விரலையும் நசுக்கக்கூடாது. அவற்றில் முட்டுமுன்பே கிளச் முழுதாக விலகவேண்டும். அதற்குக் கேபிளின் தளர்வைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான சிறிய வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் சும்மா அசைய இடம் விடுவார்கள். அறவே தளர்வில்லாமல் இறுக்கினால் கிளச் முழுதாக ஒட்டாமல் தேய்ந்துபோகும். கூடத் தளர்வு இருந்தால் முழுதாக விலகாமல் கியர் விழ மறுக்கும்.

வலது கைக்கும் ஒரு வார்த்தை. மணிக்கட்டைத் தொங்கப்போட்டு அக்சிலேற்றரைப் பிடிக்காதீர்கள். வண்டி குலுங்கும்போது உடல் பின்னே போகும், தொங்கிய கை தன்னையறியாமல் அக்சிலேற்றரை இன்னும் திருக்கிவிடும். வண்டி பாயும், நீங்கள் பின்னே சாய்வீர்கள், இன்னும் திருகும். கதவின் உருண்டைக் குமிழைத் திறப்பது போல, கையைச் சற்று வெளிப்பக்கமாகச் சரித்துப் பிடியுங்கள். முழங்கைகள் உடலோடு ஒட்டாமல் வெளியே விரிந்திருக்கட்டும்.

இறுகும் கைகள்

கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள்: “இறுக்கிப் பிடிக்காட்டி விழுந்திட மாட்டனே அக்கா?”

வண்டியைப் பிடிக்கவேண்டியவை முழங்கால்கள். பெற்றோல் தாங்கியை இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடியுங்கள். பாதங்கள் கால்மிதியில் உறுதியாக நிற்கட்டும். கரடுமுரடான இடத்தில் இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்காலை மடித்து நில்லுங்கள். உடலின் பாரம் காலுக்குப் போகும். கைகளுக்கு வழிகாட்டுவது மட்டுமே வேலை. கல்லில் ஏறும்போது ஹான்டில் கொஞ்சம் ஆடட்டும். அதை ஆடவிட்டால் வண்டி தானே நேராகும். இறுக்கினால் அந்த அதிர்ச்சி முழுவதும் உங்கள் தோளுக்கு வரும், விரல்கள் மரத்துவிடும். மரத்த விரலுக்குக் கிளச்சின் பிடிக்கும் இடம் தெரியாது.

எங்களில் சிலருக்குக் கை இறுகுவதற்கு வேறு காரணமும் உண்டு. ஒரு லொறியின் சைலன்சர் வெடித்தாற்போல் ஒலித்தால், வானத்தில் ஏதாவது இரைந்தால், உடல் தானாகக் குறுகிவிடும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்த உடல்தான் உங்களை அங்கிருந்து உயிரோடு கொண்டுவந்தது. ஆனால் வண்டியில் இருக்கும்போது அதற்கு ஒரு வழி பழக்கிவைக்க வேண்டும். கை இறுகுகிறது என்று தெரிந்தவுடன் முழங்காலால் தாங்கியை நெருக்குங்கள், வாயால் மூச்சை நீளமாக விடுங்கள். கால் இறுகும்போது கை தளரும். மனம் அடங்கவில்லையென்றால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். எவரும் உங்களைத் துரத்தவில்லை.

ஏற்றத்தில்

ஏற்றத்தில் நின்று புறப்படும்போது இடது கால் நிலத்தில், வலது கால் பின்பிறேக்கில். முதலாம் கியர். அக்சிலேற்றரைச் சற்றுக் கூட்டிக் கிளச்சைப் பிடிக்கும் இடம்வரை விடுங்கள். சத்தம் கனத்து வண்டி முன்னே தள்ளுவதை உணர்ந்த பிறகுதான் பிறேக்கை விடவேண்டும். மிச்சக் கிளச்சை மெதுவாக விட்டுக்கொண்டே போங்கள். கிளச்சை விட்டபின் பிறேக்கை விடுவதுதான் ஒழுங்கு. மாறினால் வண்டி பின்னால் உருளும்.

செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால்? பலர் பதறிக் கிளச்சை இழுத்து முன்பிறேக்கை மட்டும் பிடிப்பார்கள். ஏற்றத்தில் பாரம் பின்சில்லில் இருக்கும், முன்சில்லு பூட்டினாலும் கிறவலில் வழுக்கிக்கொண்டு பின்னே வரும். அந்த நேரத்தில் கியரை மாற்றாமல் கிளச்சை முழுதாக விட்டுவிடுங்கள். நின்றுபோன எஞ்சின் பின்சில்லைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது இரண்டு காலையும் ஊன்றி மூச்செடுக்கலாம். வண்டியைத் திருப்ப வேண்டுமானால், மலையின் மேல்பக்கமாக உடலைச் சாய்த்து நின்று, கிளச்சைக் கொஞ்சம் இழுத்துக் கொஞ்சம் விட்டுப் பின்னே இறக்குங்கள். அந்த நேரத்தில் கிளச்தான் உங்கள் கைப்பிறேக். பள்ளப் பக்கம் ஒருபோதும் சாயாதீர்கள். வண்டி விழத்தான் போகிறதென்றால் விழவிட்டு விலகுங்கள். லீவர் கடையில் கிடைக்கும்.

இறக்கத்தில்

இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். முதலாம் அல்லது இரண்டாம் கியர், கிளச் முழுதாக விட்டபடி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். முன்பிறேக்கை ஒன்று அல்லது இரண்டு விரலால், துணி பிழிவது போல மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சடாரென்று பிடித்தால் முன்சில்லு பூட்டி வண்டி படுத்துவிடும். பின்சில்லு வழுக்குகிறது, எஞ்சின் நின்றுவிடப் பார்க்கிறது என்றால் மட்டும் கிளச்சை ஒரு நொடி தொட்டு விடுங்கள்.

2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டபோது, இறக்கத்தில் நியூற்றலில் போட்டு, சிலர் எஞ்சினையும் அணைத்து உருண்டு போவதைக் கண்டேன். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் போகவில்லை. மிஞ்சுவது சில துளிகள். பெற்றோலை ஊசியால் செலுத்தும் புதிய வகை எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது பெற்றோல் அநேகமாகப் போவதே இல்லை. பதினெட்டு வளைவு என்று பெயரெடுத்த மஹியங்கனை வீதி போன்ற நீண்ட இறக்கத்தில் பிறேக் மட்டும் வேலை செய்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் கிளச்சைத் தொடாமல் போங்கள்.

சேற்றில்

சேற்றில் பின்சில்லு சும்மா சுற்றினால் அக்சிலேற்றரைக் கூட்டவேண்டாம், குழிதான் ஆழமாகும். இரண்டாம் கியரில், ஒரே சீராக, கிளச்சைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்றுக் கொண்டுவந்து சில்லுக்குப் போகும் பலத்தைக் குறையுங்கள். ரயர் மண்ணைக் கவ்வும். ஆனால் கிளச்சை நெடுநேரம் அப்படி வழுக்கவிட்டால் தட்டுகள் எரியும். கருகிய மணம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். மண் இன்னும் வழிந்துகொண்டிருக்கும் சரிவை மட்டும் எந்த வித்தை தெரிந்தாலும் கடக்கவேண்டாம்.

காயப்பட்ட கைகளுக்கு

ஷெல் துண்டு பட்டு விரல் இழந்த சகோதரிகளும் கேட்கிறார்கள். சுட்டுவிரல் இல்லையென்றால் நடுவிரலும் மோதிர விரலும் போதும். லீவரை அதற்கேற்ப நகர்த்தினால் சரி. இடது கையில் பலம் குறைவென்றால் கேபிளுக்கு எண்ணெய் விடுவதே பெரிய மாற்றத்தைத் தரும். அதுவும் முடியாவிட்டால் ஹொண்டா கப் வகை வண்டிகளில் கிளச் லீவரே கிடையாது, கியரைக் காலால் மாற்றினால் போதும். அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போது காயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

பெண்ணின் கை இதற்குப் பலம் போதாது என்று சொல்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். ஸ்பெயின் நாட்டு லாயா சான்ஸ் 2015 டக்கார் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவில் ஆண்களோடு ஓடி ஒன்பதாவதாக வந்தார். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா உலகக் கிண்ணத்தின் பெண்கள் பிரிவை வென்றார். கல்லிலும் மணலிலும் மணிக்கணக்காக ஓடும் பந்தயங்கள் இவை. வெறும் கைப்பலத்தை நம்பி எவரும் அவற்றை ஓடி முடிக்க முடியாது.

வாரம் ஒரு முறை

கிளச் கேபிள் லீவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு நூல் அறுந்து தெரிந்தாலும் கேபிளை மாற்றுங்கள். மலை நடுவில் அறுந்தால் உதவிக்கு ஆள் இருக்காது. எஞ்சின் இரைகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளச் தேய்ந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கென்றே உள்ள எண்ணெயை விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளச் எஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் எண்ணெய் சிலவற்றால் அது வழுக்கத் தொடங்கும். தாவணி, சால்வை நுனிகளை முடிந்து கட்டுங்கள், செயினில் சிக்கினால் பேராபத்து. தோட்டத்துக்குள்தானே என்று தலைக்கவசத்தைக் கழற்றி ஹான்டிலில் கொழுவாதீர்கள்.

வீட்டில் இருக்கும்போதும் பழகலாம். எஞ்சினை இயக்காமல் வண்டியில் ஏறி இருந்து, கண்ணை மூடி, “பிறேக்” என்று சொல்லி வலது கையையும் வலது காலையும் அழுத்துங்கள். “கிளச்” என்று சொல்லி இடது கையின் இரண்டு விரலை மட்டும் இழுங்கள். பிள்ளைகளை மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னால் அவர்களுக்கும் விளையாட்டு, உங்கள் கைக்கும் பாடம்.

அடுத்த மாதம் செயினையும் ரயரையும் நாமே கழுவி, சரிபார்த்து, காற்றடிப்பது பற்றிப் பார்ப்போம். அதுவரை பாதைகளில் கவனமாகப் போய் வாருங்கள்.